மூட்டைத் தாக்குவது ஆன்டிபாடிதானா? சுண்டெலி மாதிரிகளில் சோதித்துப் பார்க்கும் முறை

முடக்குவாதம் வரவழைத்த சுண்டெலியின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீரில்) குருத்தெலும்புப் புரதமான கொலாஜனுக்கு எதிரான ஆன்டிபாடி (உடலின் தற்காப்புப் புரதம்) ஏறியிருக்கிறது என்று காட்ட, ஆன்டிபாடியை நிறமாற்றத்தால் அளக்கும் ஒரு எலிசா தட்டு போதும். அந்த ஆன்டிபாடிதான் மூட்டை வீங்க வைத்தது என்று காட்ட ஒரு தட்டு போதாது. இந்த இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதால்தான் பல ஆய்வுகள் பாதியில் தடுமாறுகின்றன. தன் உடலையே குறிவைக்கும் ஆட்டோஆன்டிபாடியின் பங்கைச் சோதிக்க இறங்குபவர் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆன்டிபாடி இல்லாவிட்டால் நோய் வருமா? ஆன்டிபாடி மட்டும் இருந்தால் நோய் வருமா? வேறு காரணத்தால் தொடங்கிய நோயை ஆன்டிபாடி தீவிரமாக்குகிறதா? மூன்றுக்கும் மாதிரி வேறு, ஒப்பீட்டுக் குழு வேறு.

கேள்விக்கேற்ற மாதிரி

கொலாஜன் ஊசியால் வரவழைக்கும் மூட்டழற்சி 1977-இல் எலிகளிலும் 1980-இல் சுண்டெலிகளிலும் விவரிக்கப்பட்டது. இதில் நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல் விழிப்பது, பி செல் ஆன்டிபாடி சுரப்பது, அது மூட்டில் போய் ஒட்டுவது, அழற்சி எழுவது எல்லாம் ஒரே விலங்கில் நடக்கின்றன. நோய் முழுவதையும் பார்க்க இது ஏற்றது. ஆன்டிபாடியின் பங்கைத் தனியே பிரித்தெடுக்க இது மட்டும் போதாது. மருந்து கொடுத்த குழுவில் வீக்கம் குறைந்தால், ஆன்டிபாடி உருவாவது தடைபட்டதா, உருவான ஆன்டிபாடி வேலை செய்வது தடைபட்டதா என்று இந்த மாதிரியில் சொல்ல முடியாது.

அதற்குத்தான் ஆன்டிபாடியை வெளியிலிருந்து ஏற்றும் மாதிரிகள். ஒன்று, இரண்டாம் வகைக் கொலாஜனுக்கு எதிரான மோனோகுளோனல் (ஒவ்வொன்றும் ஒரே இலக்கைப் பிடிக்கும்) ஆன்டிபாடிக் கலவையைச் செலுத்துவது. மற்றொன்று, தானாகவே மூட்டழற்சி வரும் கே/பிஎக்ஸ்என் சுண்டெலியின் சீரத்தை நலமான சுண்டெலிக்குக் கொடுப்பது. இரண்டிலும் டி செல், பி செல் பயிற்சிக் கட்டம் தாண்டப்பட்டுவிடுகிறது. நீங்கள் பார்ப்பது தாக்குதல் கட்டத்தை மட்டுமே.

எதிர்முனையில், அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தின் மனித மரபணுவைச் சுமக்கும் சுண்டெலி நிற்கிறது. 1991-இல் வெளியான இந்த மாதிரியில், முதிர்ந்த டி, பி செல்கள் இல்லாத சுண்டெலியோடு கலந்தாலும் மூட்டழற்சி வருகிறது. ஆன்டிபாடி இல்லாமலும் மூட்டு அழியலாம் என்பதற்கு இது சாட்சி. உங்கள் மருந்து இதிலும் வேலை செய்தால், அது ஆன்டிபாடியைத் தாண்டிய ஏதோ ஒரு படியைத் தொடுகிறது.

கொலாஜன் ஊசி: செய்முறை

டிபிஏ/1 இனத்து 8 முதல் 12 வார ஆண் சுண்டெலிகளே வழக்கமான தேர்வு. எச்-2க்யூ வகை எம்எச்சி (டி செல்லுக்குப் புரதத் துண்டுகளைக் காட்டும் மூலக்கூறு) உள்ளதால் நன்றாக நோய் பிடிக்கும். பிளாக் 6 இனம் எச்-2பி வகை. அதில் கோழிக் கொலாஜன் கொடுத்தால் ஓரளவு வரும், ஆனால் நோய் வரும் விகிதம் குறைவு, ஏற்ற இறக்கமும் அதிகம். மரபணு நீக்கிய சுண்டெலிகள் பெரும்பாலும் பிளாக் 6 பின்னணியில் கிடைப்பதால் பலரும் இதில் சிக்குகிறார்கள். அந்த நிலையில் சீரம் ஏற்றும் மாதிரிக்கு மாறுவதே நல்லது.

இரண்டாம் வகைக் கொலாஜனை 0.05 மோலார் அசெட்டிக் அமிலத்தில் மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 4 டிகிரி செல்சியஸில் இரவு முழுவதும் மெதுவாகக் கிளறிக் கரைக்க வேண்டும். அவசரப்பட்டு சூடாக்கினால் மூன்று இழைச் சுருள் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். மூட்டழற்சியைக் கிளப்பும் ஆன்டிபாடிகள் பெரும்பாலும் அவிழாத சுருளைத்தான் அடையாளம் காண்கின்றன. அவிழ்ந்த கொலாஜனைச் செலுத்தினால் சுண்டெலி ஆன்டிபாடி உருவாக்கும், கால் வீங்காது.

கரைசலையும் சம அளவு கம்ப்ளீட் ஃப்ராய்ண்ட் அட்ஜுவன்டையும் (நோயெதிர்ப்பைத் தூண்டும் எண்ணெய்க் கலவை) பனிக்கட்டி மேல் வைத்துக் குழைக்க வேண்டும். அட்ஜுவன்டில் கொல்லப்பட்ட காசநோய் பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் இருப்பது நல்லது. கடையில் வரும் பல பாட்டில்களில் 1 மில்லிகிராம்தான் இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். 10 சுண்டெலிக்கு 1 மில்லிலிட்டர் குழம்பு போதும். ஆனால் சிரிஞ்சிலும் இணைப்பிலும் பாதிவரை ஒட்டி வீணாகும் என்பதால் 2 மில்லிலிட்டர் தயாரியுங்கள்.

குழம்பு பதமாகிவிட்டதா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விடுங்கள். வெண்ணெய் உருண்டைபோல் கலையாமல் நின்றால் சரி. ஓரத்தில் பால்போலக் கரைந்து பரவினால் இன்னும் குழைக்க வேண்டும். நோய் வராமல் போன ஆய்வுகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்தச் சொட்டைத்தான். ஹோமோஜினைசர் பயன்படுத்தினால் சில நொடிகள் ஓட்டி, நிறுத்தி, குளிரவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி மேலே சொன்ன அதே சிக்கல் வரும்.

ஒரு சுண்டெலிக்கு 100 மைக்ரோலிட்டர், அதாவது 100 மைக்ரோகிராம் கொலாஜன், வால் அடிப்பகுதித் தோலில் செலுத்த வேண்டும். ஊசி ஆழமாகப் போனால் குழம்பு சுலபமாக இறங்கும், அது தவறான இடம். சரியான இடத்தில் இருந்தால் அழுத்தம் தெரியும், தோல் வெளுத்து மேடாகும். ஊசியை உடனே உருவினால் குழம்பு பின்னால் ஒழுகிவிடும், சில நொடிகள் அப்படியே பிடித்திருங்கள். 21-ஆம் நாள் பாக்டீரியா இல்லாத இன்கம்ப்ளீட் ஃப்ராய்ண்ட் அட்ஜுவன்டில் குழைத்த அதே அளவு கொலாஜனை முதல் ஊசி போட்ட இடத்தைத் தவிர்த்து அருகில் போட வேண்டும். பெரும்பாலும் 24 முதல் 35 நாட்களுக்குள் வீக்கம் தொடங்கும். கண் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். இந்த அட்ஜுவன்ட் தவறிக் கையில் குத்தினால் ஆறாத புண் வரக்கூடும்.

எலிசா: பொய் சொல்லும் இடங்கள்

தட்டில் பூசுவதற்குக் கொலாஜனை மில்லிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமாக நடுநிலை பிஎச் பஃபரில் நீர்த்து, கிணற்றுக்கு (தட்டிலுள்ள சிறு குழிக்கு) 100 மைக்ரோலிட்டர் விட்டு, 4 டிகிரியில் இரவு முழுவதும் வையுங்கள். 37 டிகிரியில் வைத்தால் கொலாஜன் இழைகளாகத் திரண்டுவிடும், பூச்சு சீராக இராது. மறுநாள் 0.05 சதவீத ட்வீன் கலந்த பிபிஎஸ் பஃபரால் கழுவி, 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டுச் சீரப் புரதம்) கொண்டு கிணற்றில் பூச்சு படாத இடங்களை மறைக்க வேண்டும். மறைக்க ஜெலட்டின் வேண்டாம், அதுவே அவிழ்ந்த கொலாஜன்தான். பிறகு சீரம், கழுவல், சுண்டெலி ஐஜிஜியைப் (ரத்தத்தின் முக்கிய ஆன்டிபாடி வகை) பிடிக்கும், எச்ஆர்பி நொதி இணைத்த ஆன்டிபாடி, கழுவல், நிறம் தரும் டிஎம்பி, கந்தக அமிலத்தால் நிறுத்தம், 450 நானோமீட்டரில் வாசிப்பு.

35-ஆம் நாள் சீரத்தை 1:100 நீர்ப்பில் வைத்தால் எல்லாக் கிணறுகளும் உச்சத்தில் போய் முட்டும். நோயுள்ளது, இல்லாதது, மருந்து கொடுத்தது எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரியும். ‘மருந்து ஆன்டிபாடியைத் தொடவில்லை’ என்ற தவறான முடிவு பலமுறை இப்படித்தான் பிறக்கிறது. 1:10,000-இல் தொடங்கி 1:1,00,000 வரை நீர்த்துப் பாருங்கள். நோயுற்ற சுண்டெலிகளின் சீரத்தை ஒன்றுசேர்த்து ஒரு தரச் சீரம் செய்து, அதற்கு 1,000 யூனிட் என்று பெயரிட்டு, ஒவ்வொரு தட்டிலும் அதன் வளைவைப் போட்டால் தட்டுக்குத் தட்டு ஒப்பிட முடியும்.

அடுத்த பொறி பெப்சின். குருத்தெலும்பிலிருந்து கொலாஜனைப் பிரிக்க பெப்சின் பயன்படுத்துகிறார்கள். அதில் சிறு துளி மிஞ்சினாலும் சுண்டெலி பெப்சினுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கும். அதே கொலாஜனைத் தட்டிலும் பூசினால் பெப்சின் ஆன்டிபாடி கொலாஜன் ஆன்டிபாடியாக வேடம் போடும். பெப்சின் நீக்கியதாகச் சோதிக்கப்பட்ட கொலாஜனை மட்டும் பூசுங்கள். சுண்டெலியின் சொந்தக் கொலாஜன் மேலும் ஒரு தட்டு போடுவது நல்லது. மாட்டுக் கொலாஜனுக்கு எதிரான ஆன்டிபாடி அயல் புரதத்துக்கு எதிரானது. தன் கொலாஜனையும் பிடித்தால்தான் அதை ஆட்டோஆன்டிபாடி என்று சொல்ல முடியும்.

ஐஜிஜியின் உட்பிரிவையும் அளந்துவிடுங்கள். ஐஜிஜி2ஏ, ஐஜிஜி2பி வகைகள் காம்ப்ளிமென்டையும் (ரத்தத்தின் தற்காப்புப் புரதத் தொடர்) எஃப்சி ஏற்பிகளையும் (ஆன்டிபாடியின் வால் பகுதியான எஃப்சியைப் பிடிக்கும் செல் ஏற்பிகள்) வலுவாகத் தூண்டுபவை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாக் 6 சுண்டெலியில் ஐஜிஜி2ஏ கிடையாது, அதன் இடத்தில் ஐஜிஜி2சி இருக்கிறது. ஐஜிஜி2ஏ-க்கான வினைபொருளை வைத்து அளந்து ‘இந்த வகை உருவாகவே இல்லை’ என்று எழுதினால் மொத்தமும் தவறாகும்.

ரத்தம் எடுக்க 0, 20, 28, 35, 42-ஆம் நாட்கள் போதும், ஒவ்வொரு முறையும் 50 மைக்ரோலிட்டர். ஊசிக்கு முன் எடுத்த 0-ஆம் நாள் சீரம் இல்லாமல் தொடங்காதீர்கள், பிறகு அதைத் திரும்பப் பெற வழியில்லை. இன்னொன்று: அளவு ஒரு எல்லையைத் தாண்டிய பின் நோயின் தீவிரம் அதோடு சேர்ந்து ஏறாது. அளவுக்கும் மதிப்பெண்ணுக்கும் நேர்கோடு விழவில்லை என்பதற்காக ஆன்டிபாடிக்குப் பங்கில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

ஆன்டிபாடி இல்லாவிட்டால்?

பி செல் இல்லாத மியூ-எம்டி சுண்டெலிகளுக்குக் கொலாஜன் ஊசி போட்டால் மூட்டழற்சி வருவதில்லை. இது 1998-இல் காட்டப்பட்டது. ஆனால் பி செல் ஆன்டிபாடி சுரப்பதோடு நிற்பதில்லை, டி செல்லுக்கு ஆன்டிஜனை (நோயெதிர்ப்பு குறிவைக்கும் பொருளை) காட்டும் வேலையையும் செய்கிறது. குருத்தெலும்பின் மற்றொரு பொருளான புரோட்டியோகிளைக்கனை ஊசியாகப் போடும் மாதிரியில் 2005-இல் இரண்டு வேலைகளும் தேவை என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே பி செல் இல்லாத சுண்டெலியில் நோய் வரவில்லை என்பதோடு நிறுத்தாமல், அதே சுண்டெலிக்கு வெளியிலிருந்து ஆன்டிபாடியைக் கொடுத்து நோய் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பினால், தாக்குதல் கட்டத்துக்கு பி செல் தேவையில்லை, அதன் ஆன்டிபாடி போதும் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

ஆன்டிபாடியை மட்டும் கொடுத்தால்?

நோயுற்ற சுண்டெலியின் சீரம் நலமான சுண்டெலிக்கு மூட்டழற்சியைக் கடத்தும் என்பது 1983-இல் வெளியானது. நீங்களே ஐஜிஜி பிரிப்பதாக இருந்தால் புரோட்டீன் ஜி பயன்படுத்துங்கள். புரோட்டீன் ஏ சுண்டெலி ஐஜிஜி1-ஐ நடுநிலை பிஎச்சில் சரியாகப் பிடிக்காது, உங்கள் கலவையின் ஒரு பகுதி கழுவலோடு போய்விடும். அமில கிளைசினில் இறக்கியதும் அந்தக் கணமே ட்ரிஸ் பஃபரால் நடுநிலைப்படுத்தி, பிபிஎஸ்ஸில் டயாலிசிஸ் செய்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடிக்க வேண்டும். திரண்ட ஐஜிஜி எந்த ஆன்டிஜனும் இல்லாமலேயே எஃப்சி ஏற்பிகளைத் தூண்டும். எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) அளவையும் பாருங்கள், மில்லிகிராமுக்கு 1 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. வாங்கிய ஆன்டிபாடியில் சோடியம் அசைடு இருந்தால் அதை நீக்காமல் விலங்குக்குக் கொடுக்கக் கூடாது.

தயாராக வரும் ஐந்து குளோன் கலவை என்றால், பால்ப்-சி அல்லது டிபிஏ/1 சுண்டெலிக்கு வயிற்றறைக்குள் 1.5 மில்லிகிராம், பிளாக் 6 இனத்துக்கு 5 மில்லிகிராம் வரை. மூன்றாம் நாள் ஈ.கோலை பாக்டீரியாவின் வெளியுறை நச்சான எல்பிஎஸ் 25 முதல் 50 மைக்ரோகிராம். நான்காம், ஐந்தாம் நாளில் வீக்கம் தொடங்கி ஒரு வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகும். எல்பிஎஸ் கொடுத்த மறுநாள் சுண்டெலி எடை இழந்து சுருண்டு கிடக்கும். அது எல்பிஎஸ்ஸின் வேலை, மூட்டு நோய் அல்ல. ஆகவே எல்பிஎஸ் மட்டும் பெற்ற குழுவும், சம்பந்தமில்லாத அதே உட்பிரிவு ஆன்டிபாடியோடு எல்பிஎஸ் பெற்ற குழுவும் கட்டாயம் வேண்டும். எல்பிஎஸ்ஸை உணரும் ஏற்பியான டிஎல்ஆர்4-இன் பாதை உங்கள் கேள்வியில் எங்கேனும் வருமானால் எல்பிஎஸ் இல்லாத முறைக்குப் போங்கள்.

அந்த முறைதான் கே/பிஎக்ஸ்என் சீரம். கேஆர்என் டி செல் ஏற்பி மரபணு கொண்ட பிளாக் 6 சுண்டெலியை என்ஓடி இனத்தோடு கலந்தால், மரபணுவைப் பெற்ற குட்டிகளுக்கு நான்கைந்து வாரத்திலேயே தானாக மூட்டு வீங்கும். 1996-இல் தெரியவந்த இந்த மாதிரியின் ஆன்டிஜன் ஜிபிஐ என்ற நொதி என்று 1999-இல் கண்டுபிடித்தார்கள். உடலின் எல்லாச் செல்லிலும் உள்ள சர்க்கரைச் சிதைவு நொதி அது. இருந்தும் அடி விழுவது மூட்டில், ஏனென்றால் குருத்தெலும்பின் மேற்பரப்பில் ஜிபிஐ படிந்து, ஆன்டிபாடியும் காம்ப்ளிமென்டும் அங்கே குவிகின்றன.

8 முதல் 10 வாரச் சுண்டெலிகளின் சீரத்தை ஒரே தொகுப்பாகச் சேர்த்து, சிறு குழாய்களில் பிரித்து உறையவைத்துக்கொள்ளுங்கள். 0-ஆம் நாளும் 2-ஆம் நாளும் 150 மைக்ரோலிட்டர் வீதம் வயிற்றறைக்குள் கொடுத்தால் ஓரிரு நாளில் கணுக்கால் தடிக்கத் தொடங்கும். தொகுப்புக்குத் தொகுப்பு வீரியம் மாறும். புதுத் தொகுப்பு ஒவ்வொன்றையும் 75, 100, 150 மைக்ரோலிட்டரில் சில சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து அளவை நிர்ணயித்துக்கொண்டு, ஒரு ஆய்வு முழுவதையும் ஒரே தொகுப்பில் முடியுங்கள். உச்ச அளவில் கொடுத்தால் பாதுகாப்பு விளைவு மறைந்துபோகும், மிகக் குறைத்தால் எல்லாமே பாதுகாப்புபோலத் தோன்றும்.

எந்த வழியாகத் தாக்குகிறது

கே/பிஎக்ஸ்என் சீரத்துக்கு காம்ப்ளிமென்டின் மாற்றுப் பாதை, சி3, சி5, சி5ஏ ஏற்பி, எஃப்சி காமா ஏற்பி 3, நியூட்ரோஃபில் (ஒரு வெள்ளணு), ஐஎல்-1 (அழற்சித் தூதுப் புரதம்) எல்லாம் தேவை. சி1க்யூ, சி4 தேவையில்லை, செல் சவ்வைத் துளைக்கும் கடைசிக் கூட்டும் தேவையில்லை. மறுபுறம் தடுப்பு ஏற்பியான எஃப்சி காமா ஏற்பி 2பி இல்லாத சுண்டெலியில் கொலாஜன் நோய் தீவிரமாகிறது. சுண்டெலி இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைச் சரிபாருங்கள்: டிபிஏ/2, ஏ/ஜே, என்ஓடி இனங்களில் சி5 இயற்கையிலேயே கிடையாது. அவற்றில் ஆன்டிபாடி ஏற்றி வீக்கம் வரவில்லை என்று வருந்திப் பயனில்லை.

மரபணு நீக்கிய சுண்டெலியில் வீக்கம் குறைந்தால் முதலில் செய்ய வேண்டியது, ஏற்றிய ஆன்டிபாடி 7-ஆம் நாளில் இரு குழுவின் ரத்தத்திலும் ஒரே அளவில் மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது. ஐஜிஜியைச் சிதையாமல் காக்கும் எஃப்சிஆர்என் ஏற்பி இல்லாத சுண்டெலியில் ஆன்டிபாடி சீக்கிரம் அழிந்துவிடுவதால் நோயும் குறைகிறது. அழற்சிப் பாதையைத் தடுத்துவிட்டோம் என்று நினைப்பது வெறும் ஆன்டிபாடிக் குறைவாக இருக்கலாம்.

திசுக்களில் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்லான மாஸ்ட் செல்லின் கதையும் ஒரு பாடம். கிட் மரபணுக் குறையால் மாஸ்ட் செல் இல்லாத சுண்டெலியில் சீரம் நோயைக் கிளப்பவில்லை என்று 2002-இல் வந்தது. 2011-இல் கிட்டைத் தொடாமல் மாஸ்ட் செல்லை மட்டும் நீக்கிய சுண்டெலியில் நோய் வழக்கம்போல் வந்தது. கிட் குறை நியூட்ரோஃபில் உள்ளிட்ட பிற ரத்தச் செல்களையும் பாதிக்கிறது. ஒரே ஒரு மரபணு மாற்றத்தை நம்பி ஒரு செல்லுக்குப் பங்கை எழுதிவிடாதீர்கள்.

ஆன்டிபாடியின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று பார்க்க எண்டோஎஸ் நொதி கைகொடுக்கும். அது ஐஜிஜியின் எஃப்சி பகுதியில் உள்ள சர்க்கரையை வெட்டுகிறது. ஆன்டிஜனைப் பிடிக்கும் திறன் அப்படியே இருக்கும், மூட்டழற்சியைக் கிளப்பும் திறன் போய்விடும். ஒரே ஆன்டிபாடியை வெட்டியும் வெட்டாமலும் இரு குழுக்களுக்குக் கொடுப்பதைவிடச் சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அரிது.

மதிப்பெண்ணும் விலங்கின் வலியும்

ஒவ்வொரு பாதத்துக்கும் 0 முதல் 4, மொத்தம் 16. மதிப்பெண் போடுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. டிபிஏ/1 ஆண்கள் சண்டை போட்டுக் கடித்துக்கொள்ளும். கடிபட்ட ஒற்றை விரல் வீக்கம் மூட்டழற்சிபோலவே இருக்கும், காயம் இருக்கிறதா என்று விரலைப் பிரித்துப் பாருங்கள். நாள்பட்ட நோயில் மூட்டு இறுகியபின் வீக்கம் வடியும், மதிப்பெண் இறங்கும், அழிவு மட்டும் அப்படியே இருக்கும். திசுவை வெட்டிப் பார்க்காமல் அதைக் குணம் என்று எழுதக் கூடாது.

நெறிக்குழு அனுமதியோடு, எந்த எடை இழப்பில், எந்த மதிப்பெண்ணில் விலங்கை விடுவிப்பது என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள். தொடக்க எடையில் 20 சதவீத இழப்பு பொதுவான எல்லை. நோய் தொடங்கியதும் ஈர உணவைக் கூண்டின் தரையிலேயே வையுங்கள், நீர்க்குழாயை நீளமாக்குங்கள், படுக்கையை மெத்தென்று மாற்றுங்கள். வீங்கிய காலோடு எம்பித் தின்ன முடியாத சுண்டெலி பட்டினியால் மெலிந்தால், அது துன்பம் மட்டுமல்ல, உங்கள் தரவும் கெடும். மெலாக்சிகம் போன்றவை வீக்கத்தையே குறைத்துவிடும் என்பதால் எந்த வலிநிவாரணி என்று கால்நடை மருத்துவரோடு பேசி, எல்லாக் குழுக்களுக்கும் ஒரேபோல் கொடுங்கள்.

சிட்ருல்லின் ஆன்டிபாடி: கூடுதல் எச்சரிக்கை

மனித முடக்குவாதத்தின் அடையாளமான சிட்ருல்லின் (புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறி உருவாவது) ஆன்டிபாடியைச் சுண்டெலியில் தேடுவோர் மிகுதி. கொலாஜன் மாதிரியில் அது இல்லை என்று 2003-இல் ஒரு குழுவும், இருக்கிறது என்று 2006-இல் இன்னொரு குழுவும் எழுதின. அந்த 2006 ஆய்வின் வடிவமைப்பு பின்பற்றத் தக்கது. சிட்ருல்லின் ஏறிய ஃபைப்ரினோஜனுக்கு எதிரான ஆன்டிபாடியை, உச்சத்துக்குக் கீழான அளவில் கொடுத்த கொலாஜன் ஆன்டிபாடியோடு சேர்த்துக் கொடுத்தபோது நோய் கூடியது. தீவிரமாக்கும் பங்கைச் சோதிக்க இதுதான் வழி: முதலில் பாதி மதிப்பெண் தரும் அடிப்படை அளவைக் கண்டுபிடித்து, அதன்மேல் உங்கள் ஆன்டிபாடியைச் சேர்க்க வேண்டும்.

அளக்கும்போது மனித நோயாளிகளின் சிட்ருல்லின் ஆன்டிபாடியை அளக்கும் சிசிபி சோதனைத் தொகுப்பை அப்படியே போடாதீர்கள். அதன் இரண்டாம் ஆன்டிபாடி மனித ஐஜிஜியைப் பிடிப்பது, சுண்டெலியினுடையதை அல்ல. அதை மாற்றினாலும் போதாது. அட்ஜுவன்ட் பெற்ற சுண்டெலியின் சீரம் பசைபோல் எதிலும் ஒட்டும். சிட்ருல்லின் உள்ள பெப்டைடுக்குப் பக்கத்திலேயே, அதே வரிசையில் அந்த இடத்தில் ஆர்ஜினின் உள்ள பெப்டைடையும் ஒவ்வொரு சீரத்துக்கும் பூசுங்கள். எதுவும் பூசாமல் மறைப்பு மட்டும் இட்ட கிணறும் ஒன்று. ஆர்ஜினின் கிணறும் சிட்ருல்லின் கிணறும் ஒரே அளவில் நிறம் ஏறினால், அங்கே இருப்பது சிட்ருல்லின் ஆன்டிபாடி அல்ல. கரையும் நிலையில் சிட்ருல்லின் பெப்டைடைச் சீரத்தோடு முன்கூட்டியே கலந்து, நிறம் விழுகிறதா என்று பார்த்த பிறகே அந்தச் சீரத்தை விலங்குக்கு ஏற்றும் கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.